திருமலையில் பூத்தொடுத்த அனந்தாழ்வான்

திருவரங்கத்தைப் போகமண்டபம் என்றும், திருவேங்கடத்தைப் புஷ்பமண்டபம் என்றும் நம் பெரியோர் வழங்குவர். அப்பெயருக்கேற்பத் திருமலையில் நந்தவனம் கண்டு, திருமாலைக் கைங்கர்யத்திலேயே வாழ்நாளைக் கழித்த மஹான் ஸ்ரீ அனந்தாழ்வான். மைசூர்ச் சீமையைச் சேர்ந்த சிறுபுத்தூரில், 1053-ஆம் ஆண்டில், சித்திரைத் திங்கள் சித்திரை நட்சத்திரத்தில் இவர் அவதரித்தார் என்பர்.

திருவரங்கத்தில் எம்பெருமானார் திருவாய்மொழிக்குப் பொருள் அருளிச்செய்கையில், திருவேங்கடமுடையானுக்குப் புஷ்பகைங்கர்யம் செய்யப் போவார் உண்டோ என்று வினவியருளினார். மலையின் குளிரையும் காட்டையும் எண்ணிக் கோஷ்டி மௌனமாயிருந்தது. அனந்தாழ்வான் ஒருவரே எழுந்து நின்றார். ஆசார்யரும் இவரே ஆண்பிள்ளை என்று உகந்து விடைகொடுத்தனுப்பினார்.

நந்தவனத்திற்கு முதலில் வேண்டியது நீர். கடப்பாறை கொண்டு தாமே ஏரி வெட்டினார். கருவுற்றிருந்த தேவிகள் கூடையில் மண் சுமந்தார். இரங்கி மண் சுமக்க வந்தான் ஒரு சிறுவன். கைங்கர்யத்தைப் பிறருக்குப் பங்கிட மனமில்லாத அனந்தாழ்வான் சினந்து கடப்பாறையை எறிய, அது சிறுவனின் மோவாயில் பட்டது. ஸந்நிதியிலோ எம்பெருமானின் திருமோவாயில் குருதி கண்டது. வந்தவன் யாரென உணர்ந்து பதறிய அவர், அங்கே பச்சைக் கற்பூரம் சாத்தினார். எம்பெருமான் திருமோவாயில் இன்றும் கற்பூரம் சாத்தப்பெறுகிறது. அக்கடப்பாறையும் திருமலைக் கோயிலின் மஹாத்வாரத்தில் காணக் கிடைக்கிறது.

திருமாலை தொடுப்பதற்கு வேண்டுவன பூக்குடலையும் வாழைநாருமே. கதிரவன் வெம்மை ஏறுமுன் பூப்பறித்தல் வேண்டும், முகர்தல் கூடாது, தரையில் வீழ்ந்தவற்றைச் சேர்த்தலும் ஆகாது. நாரை நீரில் நனைத்து மென்மையாகக் கிழித்து, காம்புகள் எதிரெதிரே அமையப் பூக்களை வைத்துச் சுற்றி முடிச்சிட வேண்டும். முடிச்சு தளர்ந்தால் பூ உதிரும். மிக இறுகினால் காம்பு அறும். அப்பக்குவத்திற்குக் கையைக்காட்டிலும் மனம் ஒன்றியிருத்தல் வேண்டும்.

அனந்தாழ்வானின் நெஞ்சு அவ்வாறு ஒன்றியிருந்தது. ஒருநாள் தொடுத்துக்கொண்டிருக்கையில் எம்பெருமான் அழைத்தருளியும், மாலை முடிந்த பின்னரே சென்றார். தாமதத்திற்குக் காரணம் கேட்டபோது, ஆசார்யர் தம்மை அனுப்பியது பூத்தொடுக்கவே என்றும், மலர்கின்ற மொட்டுகள் தமக்காகக் காத்திரா என்றும் விண்ணப்பித்தார்.

மற்றொரு நாள் பூப்பறிக்கையில் அரவம் தீண்டியது. விஷம் தீர்க்க முயலுமாறு உடனிருந்தோர் வற்புறுத்தினர். தீண்டிய பாம்பு வலிதாகில் விரஜையில் நீராடிப் பரமபதத்திலும், தீண்டப்பட்ட தாம் வலியராகில் கோனேரியில் நீராடித் திருமலையிலும் தொண்டு தொடரும் எனக் கூறிவிட்டு, அவர் பணியிலேயே இருந்தார். இடம் எதுவாயினும் தொண்டு நிற்கலாகாது என்பதொன்றே அவருடைய கவலை.

ஆண்டுதோறும் பிரம்மோத்ஸவம் நிறைவுற்ற மறுநாள், மலையப்பஸ்வாமி அனந்தாழ்வான் தோட்டத்திற்கு எழுந்தருளுகிறார். அழைத்தபோது வாராதிருந்த அடியவரின் தோட்டத்தைத் தேடி ஆண்டவனே வரும் ஏற்றம் புஷ்பகைங்கர்யத்திற்கு உண்டு.