பிராங்குசி என்னும் சிற்பியார்

உள்ளதொரு பொருளை அதன் வடிவு பிறழாமல் ஒப்பச் செய்தல் சிற்பத்தில் ஒருவகை. புறவடிவின் ஒப்புமையை நீக்கி அதன் உட்பொருளையே நாடிச் செய்தல் மற்றொருவகை. பின்னதனைத் தம் வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்து, கீழைநாட்டு ஞானியொருவர் சரிதத்திலே மனந்தோய்ந்து, மேனாட்டு வெண்கலச் சிற்பத்துக்குப் புதுநெறி வகுத்தவர் கான்ஸ்டன்டின் பிராங்குசி என்பார். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1876-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள், ருமேனியா நாட்டிலே கார்ப்பேதிய மலைச்சாரலை அடுத்த ஹோபித்சா என்னும் சிற்றூரில், எளிய உழவர் குடியிற் பிறந்தனர். இளமையில் ஆடு மேய்த்தலும் மரத்திற் செதுக்குதலும் இவர்தம் தொழில்களாயின. பின்னர்க் கிரயோவா நகரத்துத் தொழிற்பள்ளியிலும், புக்கரெஸ்ட் நகரத்து நுண்கலைப் பள்ளியிலும் பயின்றார். பாரிஸ் நகரையடைய விழைந்து, வழியிற் பெரும்பகுதியைக் கால்நடையாகவே கடந்து 1904-இல் அங்குப் புக்கனர்.

அக்காலத்து மேனாட்டுச் சிற்பியருள் தலைநின்றவர் ரோடின். சென்னை அரும்பொருட்காட்சிச் சாலையிலுள்ள கூத்தப்பெருமான் செப்புத் திருமேனிகளின் நிழற்படங்களைக் கண்டு வியந்து இவர் 1913-இல் வரைந்த கட்டுரை, இவர் மறைந்தபின் 1921-இல் வெளிவந்தமை கற்றோர் அறிந்ததே. அத்தகையார் பணிமனையிற் பிராங்குசி 1907-இற் சேர்ந்தும், பெரியார் நிழலில் தம் வழி துலங்காதென உணர்ந்து சின்னாளில் நீங்கினார். அது முதற் கல்லைத் தம் கையாலேயே செதுக்கலாயினர். வெண்கலமாயின், வார்ப்பிடத்தினின்று வந்ததனை அரத்தால் அராவி, ஆடிபோல் ஒளிவிடுங்காறும் மெருகிடுவார். 1910-இற் செய்த துயிலும் கலைமகள் என்னும் வெண்கலத் தலை, கழுத்தின்றி, முட்டை வடிவாய், ஒருபுறமாகச் சாய்ந்து கிடப்பது.

தம் நாட்டுப் பழங்கதையில் வரும் மாயப்பறவையை இவர் முதலில் வடித்தார். ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறகும் அலகும் காலும் அதனைவிட்டு நீங்கின. 1923 முதல் பளிங்கிலும் வெண்கலத்திலும் பன்முறை செய்த வெளியிற் பறவை என்னும் உருவில், பறவை போய்ப் பறத்தலே எஞ்சிற்று. திபேத்து நாட்டுத் துறவியாகிய மிலரேபாவின் சரிதம் 1925-இற் பிரெஞ்சு மொழியில் வெளிவர, அந்நூலை இவர் தம் உறுதுணையாகக் கொண்டனர்.

1926-இல் அவ்வெண்கலப் பறவை ஒன்று நியூயார்க் துறைமுகத்தை அடைந்தது. கலைப்பொருளுக்கு அந்நாட்டில் வரியில்லை. சுங்க அதிகாரிகளோ, பறவைபோல் தோன்றாத இது சிற்பமன்றென மறுத்து, அடுக்களைக் கருவி, மருத்துவமனைப் பொருள் என்னும் வகுப்பிற் சேர்த்து நூற்றுக்கு 40 வீதம் வரி விதித்தனர். வழக்கு நிகழ்ந்தது. இயற்கைப் பொருளைப் போலச் செய்யாது கருத்தினையே உருப்படுத்தும் புதுநெறி ஒன்று தோன்றியுள்ளதென ஏற்று, அது கலைப்பொருளே என நியாயஸ்தலத்தார் 1928 நவம்பர் 26-இல் தீர்ப்பளித்தனர்.

இந்தூர் மன்னர் யசுவந்தராவ் ஓல்கர் இப்பறவைகளுள் வெண்கலத்தாலாயது ஒன்றும், கரும்பளிங்கும் வெண்பளிங்குமாகிய இரண்டும் பெற்று, அவற்றை வைத்தற்கு ஒரு தியானக் கோயில் அமைக்க விரும்பினர். நிலத்தின்கீழ் நுழைவழியும், உள்ளே நீர்நிலையும், மேலிருந்து விழும் ஒளியுமாகச் சிற்பியார் அதனை எண்ணினர் என்ப. 1937-இல் அரசியார் மறைந்தனர். 1938-இன் தொடக்கத்திற் பிராங்குசி இந்தூரில் தங்கியும் திருப்பணி தொடங்கவில்லை; கோயில் எண்ணத்தளவே நின்றது. பிற்காலத்தில் அப்பறவைகளுள் வெண்கலம் அமெரிக்காவையும், பளிங்கு இரண்டும் ஆஸ்திரேலியாவையும் சேர்ந்து காட்சிப்பொருளாயின.

அவ்வாண்டிலேயே தம் தாய்நாட்டுத் தர்கு ஜியு நகரில், முதல் உலகப்போரில் மாண்ட வீரர் நினைவாக, 29 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடைய முடிவிலாத் தூணை நிறுவினர். அது வார்ப்பிரும்பாலாகிப் பித்தளைப் பூச்சுடையது. தம் பணிமனையைப் பிரெஞ்சு அரசினர்க்கு உரிமையாக்கி, 1957 மார்ச்சு 16-இற் பாரிஸில் உயிர் நீத்தார்.

உருவம், அருவம், அருவுருவம் என்னும் முத்திறமும் உணர்ந்த நம்மனோர்க்கு, ஒப்புமையில்லாத வடிவும் பொருளுணர்த்தும் என்பது புதுமையன்று. ஆயினும் ஆகம விதியும், தியானத்தால் வரையறுத்த இலக்கணமும், வழிபடுவார் கூட்டமும் நம் திருமேனிகளுக்குண்டு. இவர்க்கு இம்மூன்றும் இல்லை. அரசனொருவன் விழைவும் சிற்பியொருவன் ஆற்றலும் கூடியும் கோயில் எழாமை இதனைக் காட்டும். துணையின்றி ஒருவர் இத்துணைத் தொலைவு சென்றார் என்பதே அவர்க்குப் பெருமை. அத்துணை யாவும் பெற்ற நாம் அவற்றை வழுவாது காத்தல் நமக்குக் கடன்.