பட்டும் ஒளியும்: லோயி ஃபுல்லர் அம்மையார்

நாடக மேடையில் ஒளிர்ந்தவர்களை உலகம் நினைவில் வைத்துக்கொள்கிறது; அவர்கள் உடுத்த ஆடையை மறந்துவிடுகிறது. ஆடையையே கலையாக்கி, அதன் உரிமைக்காக நீதிமன்றத்தின் படியேறிய ஓர் அம்மையாரின் வரலாற்றை ஆண்டு விழா மலர் வாசகர்களுக்குச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

லோயி ஃபுல்லர் அம்மையார் 1862-ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் எளிய குடும்பத்திற் பிறந்தார். நம் நாட்டு பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்களைப் போல இளமையிலேயே மேடையேறி, ஊர் ஊராகச் சென்று நடித்தும் பாடியும் பிழைத்தார். நடனத்தை எந்த ஆசானிடமும் முறையாகப் பயின்றவரல்லர். முப்பது வயதை நெருங்கியும் பெயர் பெறாத நடிகையாகவே இருந்தார்.

1891-இல் ஒரு நாடகத்தில் மனவசியத்துக்கு ஆளாகும் பெண்ணாக நடிக்க நேர்ந்தது. அதற்கு ஏற்ற ஆடையில்லை. இந்தியாவிலிருந்து ஓர் அன்பர் அனுப்பியிருந்த மெல்லிய வெண்பட்டு ஆடையை எடுத்து உடுத்தினாராம். நம் நாட்டுப் பட்டுக்கு இவ்வரலாற்றில் இடம் கிடைத்தது இவ்வாறே என்று அவர் தம் வாழ்க்கை நூலில் எழுதியிருக்கிறார். ஆடை மிக நீளமாயிருந்தது. கால் தடுக்காதிருக்க அதை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடி மேடையில் ஓடினார். பட்டு காற்றில் விரிந்தது. அதில் வண்ணத்துப்பூச்சியையும் மலரையும் கண்ட அவையோர் ஆரவாரித்தனர்.

அந்த ஆரவாரத்தோடு மனநிறைவு கொள்ளாமல், அதன் காரணத்தை ஆராய்ந்ததே அம்மையாரின் பெருமை. வீட்டில் நிலைக்கண்ணாடியின் முன் அதே ஆடையுடன் நின்றார். மஞ்சள் திரைச்சீலையூடே வெயில் பாய்ந்தது, பட்டு பொன்னாயிற்று. கையை எப்படி வீசினால் துணி எவ்வாறு சுழல்கிறது என்று ஒவ்வோர் அசைவாகப் பார்த்துப் பார்த்து முறைப்படுத்தினார். பாம்பு நடனம் என்று பெயர் பெற்ற ஆட்டம் இவ்வாறு பிறந்தது.

மெல்லிய பட்டோடு பழகியவர்கள் அதன் இயல்பை அறிவர். கத்தரிக்கு அடங்காமல் வழுக்கும். தடித்த ஊசியின் துளை மறையாது. தையல் ஓரிடத்தில் இறுகினாலும் துணி அங்கே சுருங்கி ஓட்டம் கெடும். ஒரு கஜம் தைக்கவே இவ்வளவு பொறுமை வேண்டும். அம்மையாரின் பிற்கால ஆடைகளுக்கோ நூற்றுக்கணக்கான கஜம் தேவைப்பட்டது. அவ்வளவு துணியை வெறுங்கையால் வீச இயலாது. ஆகவே நீண்ட கோல்களைத் துணியின் உட்புறத்தில் பொருத்தி, அவற்றைப் பிடித்துச் சுழற்றினார். காண்போருக்குக் காற்றில் மிதக்கும் மலர். ஆடுபவருக்கோ தோள் கழலும் உழைப்பு.

வெண்பட்டுக்குத் தனி நிறமில்லை. விழும் ஒளியின் நிறமே அதன் நிறம். பழைய கைகாட்டி மரத்தில், ஒரே விளக்கின் முன் சிவப்புக் கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும் மாறி மாறி வந்ததை நம்மில் பலர் அறிவோம். அம்மையாரும் மின்விளக்குகளின் முன் வண்ணக் கண்ணாடிகளை மாற்றச் செய்து, ஒரே ஆடையில் பல நிறங்களைத் தோற்றுவித்தார். மேடைத் தளத்தில் கண்ணாடி பதித்து அடியிலிருந்தும் ஒளி பாய்ச்சினார். 1895-இல் இவ்வாறு ஆடிய நெருப்பு நடனத்தில் பட்டு தீக்கொழுந்தாய் எழுந்தது.

புகழ் வந்ததும் போலிகளும் வந்தனர். 1892-இல் தம் ஆட்டத்தை அப்படியே ஆடிய ஒருத்தியின் மீது நியூயார்க்கில் வழக்குத் தொடர்ந்தார். கதை சொல்லாத வெறும் அசைவு நாடகமாகாது. எனவே அதற்குப் பதிப்புரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. அதே ஆண்டு பாரிஸ் சென்றபோது, அங்கேயும் ஒருத்தி அவர் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தாள்! மனந்தளராமல் அதே அரங்கில் நவம்பரில் ஆடி அந்நகரையே தம் வசமாக்கினார். அசைவைக் காக்காத சட்டம் ஆடையைக் காக்கும் என்பதையும் உணர்ந்தார். கோல் பொருத்திய நடன ஆடைக்கு 1894-இல் அமெரிக்க அரசின் காப்புரிமை பெற்றார்.

ஓவியர் துலூஸ் லோத்ரெக் அவர் ஆட்டத்தைக் கல்லச்சில் தீட்டினார். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருக்கெனத் தனி அரங்கே எழுந்தது. ஜப்பானிய நடிகை சதா யாக்கோவை அங்கே நடிக்கச் செய்து பிறர் கலைக்கும் வழிவிட்டார். ரேடியத்தால் ஒளிரும் ஆடை செய்ய விரும்பி விஞ்ஞானிகளான கியூரி தம்பதியருக்கு எழுதினார். அது இயலாதென அவர்கள் விளக்கினர். விளக்கத்துக்கு நன்றியாக அவர்கள் இல்லத்திற்கே சென்று ஆடிக் காட்டினார். பின்னர் இருளில் ஒளிரும் வேறு உப்புகளைத் துணியில் பூசி ஆராய்ந்தார். பள்ளிப் படிப்பு மிகுதியில்லாதவர் ஆராய்ச்சி செய்வதற்கு எதுவும் தடையாகவில்லை.

ஆண்டுக்கணக்கில் கூரிய ஒளியில் நின்றதால் அவர் கண்கள் நலிந்தன. 1928 ஜனவரி முதல் நாள் பாரிசில் நிமோனியாவால் காலமானார். இன்றும் பலர் காணும் லூமியேர் சகோதரரின் பாம்பு நடனப் படத்தில் ஆடுபவர் அவரல்லர். அவரைப் பின்பற்றிய வேறொருத்தியே. நடன அமைப்பையும் பதிப்புரிமைக்கு உரியதாக வெளிப்படையாகச் சேர்த்த அமெரிக்கச் சட்டம் 1976-இல்தான் இயற்றப்பட்டது. அம்மையார் மறைந்து அப்போது 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.

படைத்தவர் பெயரைப் படைப்போடு சேர்த்துச் சொல்வது நாகரிகத்தின் முதற் கடமை. நம் விழா மேடையில் குழந்தைகள் பட்டுடுத்தி ஆடும்போது, இரவெல்லாம் விழித்து அவ்வாடையைத் தைத்த தாய்மார் திரைக்குப் பின்னே நிற்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் ஆடுவோர் பெயருடன் அவர்கள் பெயரும் அச்சேறுமாயின், லோயி ஃபுல்லர் அம்மையாருக்கு நாம் செலுத்தும் நல்லஞ்சலி அதுவே ஆகும்.