தொழுநோயாளிக்கு ரயிலில் இடமில்லை: நடந்தே ஊர் ஊராகப் போன சுப்பிரமணிய சிவா

தருமபுரி மாவட்டத்தில் சுப்பிரமணிய சிவா என்றால் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது கோபாலபுரம் சர்க்கரை ஆலைதான். அந்தப் பெயருக்குரியவர் தொழுநோயோடு இந்த மண்ணில் வாழ்ந்து, பாப்பாரப்பட்டியில் உயிர்விட்டவர்.

பிறந்தது 1884-ல், வத்தலக்குண்டில். தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு சேர்ந்து மேடை மேடையாகப் பேசினார். 1908-ல் ராஜதுரோக வழக்கில் 10 ஆண்டு தண்டனை, பிறகு மேல்முறையீட்டில் 6 ஆண்டாகக் குறைந்தது. சிவாவுக்கு இடம் கொடுத்ததற்காகவே வ.உ.சி. மீது தனிக் குற்றச்சாட்டு!

சிறையில்தான் தொழுநோய் வந்தது. ஆட்டு ரோமத்தைச் சுத்தம் செய்யும் வேலை கொடுத்ததே காரணம்னு இன்றும் சொல்வார்கள். மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. இது ஒரு கிருமியால் வரும் நோய். சிகிச்சை பெறாத நோயாளியோடு நீண்ட நாள் நெருங்கிப் பழகினால் தொற்றலாம், வெளியே தெரியவே சில ஆண்டுகள் ஆகும். எப்படி வந்திருந்தாலும், 1912-ல் விடுதலையானபோது அவர் நோயாளி.

மருந்து? அன்றைக்கு நீரடிமுத்து எண்ணெயை விட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை.

நோயை விடக் கொடுமை அடுத்து வந்தது. தொற்றுநோய் உள்ளவர்களை ஏற்ற மறுக்க 1890 ரயில்வே சட்டம் இடம் கொடுத்தது. சிவாவுக்கு ரயில் பயணம் மறுக்கப்பட்டது. 1898 தொழுநோயாளர் சட்டமோ, அரசு அறிவித்த பகுதிகளில் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் வாடகை வண்டியில் ஏறவும் தடை போட வழி செய்தது.

மனுஷன் வீட்டில் முடங்கவில்லை. கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். சென்னையில் இருந்து தருமபுரிக்கே சுமார் 300 கி.மீ. புண்ணான காலோடு அந்தத் தூரத்தை யோசித்துப் பாருங்கள். தொழுநோயில் பாதத்தில் உணர்வு போய்விடும். முள் குத்தினாலும் தெரியாது, நடக்க நடக்கப் புண் பெரிதாகும். அதாவது வண்டியில் இடம் மறுப்பது, ஊனத்தை அதிகமாக்குவதற்குச் சமம்.

பாப்பாரப்பட்டியில் நிலம் வாங்கி பாரதபுரம் என்று பெயர் வைத்தார். பாரத மாதா கோயிலுக்கு 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழுவதைப் பார்க்க சிவாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1925 ஜூலை 23-ல் இறந்தபோது வயது 40 தான்.

இப்போது என்ன நிலை? ஆரம்ப சுகாதார நிலையங்களில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசம். 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகும். தொழுநோயில் இருந்து குணமானவர்களை 1995 சட்டமே மாற்றுத்திறனாளிகள் பட்டியலில் சேர்த்தது. அந்த 1898 சட்டம் ரத்தானதோ 2016-ல்தான், சிவா மறைந்து 91 ஆண்டுகள் கழித்து. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் பிரிவு நீக்கப்பட 2019 ஆனது.

உணர்ச்சியில்லாத, நிறம் மங்கிய தேமல் உடம்பில் இருந்தால் தாமதிக்காமல் பக்கத்து சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.