பெர்த்தா பென்ஸ்

பெர்த்தா பென்ஸ் (மே 3, 1849 - மே 5, 1944) ஜெர்மனியைச் சேர்ந்த தானுந்து முன்னோடி ஆவார். ஃபோர்ட்சைம் நகரில் பிறந்த இவர், 1872 இல் பொறியியலாளர் கார்ல் பென்ஸை மணந்தார். திருமணத்திற்கு முன்பே தமது சீதனப் பணத்தைப் பெற்று, கார்லின் தொழிற்கூடம் கைவிட்டுப் போகாமல் காத்தார்.

1886 இல் கார்ல் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அதை வாங்குவோர் அரிதாகவே இருந்தனர். அது நெடுந்தூரம் ஓடும் என்பதை மெய்ப்பிக்க விரும்பிய பெர்த்தா, ஆகஸ்ட் 1888 இல் கணவரிடம் கூறாமலே, மகன்கள் இருவருடன் மான்ஹைமிலிருந்து சுமார் 100 கிமீ தொலைவிலுள்ள ஃபோர்ட்சைமுக்கு வண்டியில் பயணமானார்.

வழியில் பல பழுதுகள் ஏற்பட்டன. அடைபட்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் சுத்தம் செய்தார். தேய்ந்த மின்கம்பிக்குக் காலுறைப் பட்டியைக் காப்புறையாக்கினார். வீஸ்லோக் நகர மருந்துக் கடையில் எரிபொருளாக லிக்ராயின் வாங்கினார். சங்கிலியைக் கொல்லர் ஒருவர் சீர்செய்தார். தேய்ந்த மரத் தடைக்கட்டைகளின் மீது செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் பொருத்தச் செய்தார். செங்குத்தான ஏற்றங்களில் வண்டியைத் தள்ளவும் நேர்ந்தது.

இப்பட்டறிவின் பயனாக, ஏற்றங்களில் ஏறுவதற்கென வண்டியில் கூடுதல் பல்லிணை சேர்க்கப்பட்டது. காப்புரிமையில் பெர்த்தாவின் பெயர் இடம்பெறவில்லை. இவர் சென்ற வழி 2008 இல் பெர்த்தா பென்ஸ் நினைவு வழியாக அறிவிக்கப்பட்டது.