ரங்கசாமி நரசிம்மன்

ரங்கசாமி நரசிம்மன் (ஏப்ரல் 17, 1926 - செப்டம்பர் 3, 2007) இந்தியாவின் முன்னோடிக் கணினி அறிவியலாளர்களுள் ஒருவர். இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட தொடக்ககாலக் கணினியான டிஃப்ராக்கை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். இணைக் கணிமைக்கான அறிவியல் நிரல்களை வகுத்த தொடக்ககால ஆய்வாளர்களுள்ளும் இவர் ஒருவர்.

வாழ்க்கைச் சுருக்கம்

சென்னையில் பிறந்த நரசிம்மன், கிண்டி பொறியியற் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் முதுநிலைப் பட்டமும், இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1954 இல் மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

டிஃப்ராக்

முதலில் சிறிய முன்னோட்டக் கணினி ஒன்று கட்டப்பட்டு 1956 இல் இயங்கியது. முழு அளவிலான கணினி 1960 இல் பயன்பாட்டுக்கு வந்தது. இதில் ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. நினைவகம் 2,048 சொற்களைக் கொள்ளும். ஒவ்வொரு சொல்லும் 40 பிட்டுகள் நீளமுடையது. 1962 இல் பிரதமர் நேரு இதற்கு டிஃப்ராக் எனப் பெயரிட்டார். அதற்குள் உலகம் திரிதடையக் கணினிகளுக்கு மாறத் தொடங்கியிருந்தது. எனினும், கணினியை வடிவமைக்கவும் நிரலெழுதவும் வல்ல ஒரு தலைமுறையை இம்முயற்சி உருவாக்கியது.

இணைக் கணிமைப் பணி

1961 முதல் 1964 வரை நரசிம்மன் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். அங்கு புரூஸ் மெக்கார்மிக் தலைமையில் இல்லியாக் 3 கணினி வடிவமைக்கப்பட்டு வந்தது. குமிழி அறைகளில் அணுத்துகள்கள் விட்டுச்செல்லும் தடங்களின் ஒளிப்படங்கள் பெருமளவில் குவிந்தன. அவற்றை மனிதர் கண்ணால் பார்த்து முடிப்பது அரிதாயிற்று. இல்லியாக் 3 இன் மையப்பகுதி 32 x 32 என அடுக்கிய 1,024 சிற்றறைகளால் ஆனது. எல்லாச் சிற்றறைகளும் ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் நிறைவேற்றும். ஆனால் ஒவ்வொன்றும் தன் அண்டை அறைகளையே நேரடியாக அறியும்.

அண்டையை மட்டும் அறிந்த புள்ளிகளைக் கொண்டு முழுத் தடத்தை எவ்வாறு கண்டறிவது என்பதே நிரலாக்கச் சிக்கல். நரசிம்மன் இதற்கு மொழியிலக்கணத்தை ஒத்த முறையொன்றைக் கையாண்டார். புள்ளிகள் முதலில் திசைக்கேற்பக் குறியிடப்படும்; அவை இணைந்து கோடுகளாகும்; கோடுகள் கூடுமிடம் சந்தியாகும். கணினி கட்டி முடிக்கப்படாத நிலையில், அதன் செயல்பாடு வழக்கமான கணினியில் போலச்செய்யப்பட்டு நிரல்கள் சோதிக்கப்பட்டன. இல்லியாக் 3 1968 இல் தீ விபத்தில் அழிந்தது. இந்த ஆய்வுமுறை வடிவமறிதல் துறையில் நிலைபெற்றது.

பிற்காலம்

1965 இல் தொடங்கப்பட்ட இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவராக இருந்தார். 1975 இல் அரசு நிறுவனமான சி.எம்.சி. தோன்றுவதற்குப் பங்களித்தார். 1977 இல் பத்மசிறீ விருது பெற்றார். பிற்காலத்தில் குழந்தைகள் மொழி கற்கும் முறை குறித்து ஆராய்ந்து நூல்கள் எழுதினார்.