அடிமை விலங்கொடித்த அறிஞர்

அடிமை ஒழிப்பு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் ஆபிரகாம் லிங்கன். அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களையும், அங்கே வியர்வை சிந்திய கறுப்பின மக்களையும் நாம் சரித்திரப் பாடத்திலே படித்திருக்கின்றோம். ஆனால் அதே காலத்தில், கல்வியிலும் கலையிலும் உயர்ந்ததாகப் பெருமை பேசிய ஐரோப்பாக் கண்டத்திலேயே மனிதர்கள் விலைக்கு விற்கப்பட்டனர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் கொடுமையை எதிர்த்து இளம் வயதிலேயே பேனா பிடித்து, பின்னர் அதைச் சட்டத்தாலும் ஒழிக்கத் துணைநின்ற ஒரு பெரியாரின் வாழ்க்கையை இங்கே காண்போம். அவர்தாம் ருமேனியா நாட்டின் மிகாயில் கொகல்னிச்சானு.

ரோமா மக்கள் யார்?

ஐரோப்பாவில் ஊர் ஊராகச் செல்லும் ஜிப்சிகளைப் பற்றிக் கதைகளிலே படித்திருப்போம். அவர்கள் தங்களை ரோமா என்றே அழைத்துக்கொள்கின்றனர். ரோம் நகரத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. அவர்கள் மொழியில் ரோம் என்றால் மனிதன் என்று பொருள்.

இம்மக்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் பாரத நாட்டின் வடபகுதியிலிருந்து மேற்கே சென்றவர்கள். இதற்கு அவர்களுடைய மொழியே சாட்சி. தண்ணீருக்குப் பானி என்றும், மனிதனுக்கு மனுஷ் என்றும், பத்துக்கு தெஷ் என்றும் சொல்கின்றனர். இந்தி கற்ற மாணவியருக்கு இச்சொற்கள் புதியவை அல்லவே!

இன்று ருமேனியா என்று வழங்கும் நாடு, அக்காலத்தில் மோல்டாவியா, வாலாக்கியா என்று இரு சிற்றரசுகளாக இருந்தது. அங்கே வந்து சேர்ந்த ரோமா மக்கள் அடிமைகளாயினர். 1385ஆம் ஆண்டிலேயே நாற்பது ரோமாக் குடும்பங்கள் ஒரு துறவிமடத்துக்கு உடைமையாக உறுதிசெய்யப்பட்ட ஆவணம் உண்டு. அன்று தொடங்கி ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் இந்த நிலை நீடித்தது. அரசனுக்கு உரிய அடிமைகள், துறவிமடங்களுக்கு உரிய அடிமைகள், பிரபுக்களுக்கு உரிய அடிமைகள் என மூன்று வகையாக அவர்கள் பிரிக்கப்பட்டிருந்தனர். இறைவனின் இல்லங்களும் இதற்கு விலக்காக இருக்கவில்லை என்பதை எண்ணும்போது நம் தலை குனிகின்றது.

அவர்கள் சோம்பேறிகளா? இல்லை. இரும்படித்தவர்கள் அவர்கள், மரக் கரண்டி செதுக்கியவர்கள் அவர்கள், ஆற்று மணலில் பொன் அரித்தவர்கள் அவர்கள், திருமண வீடுகளில் வயலின் வாசித்தவர்களும் அவர்களே. ஆயினும் அவர்கள் உழைப்பின் பயன் பிறரையே சேர்ந்தது. தாயை ஒருவருக்கும் மகளை வேறொருவருக்கும் விற்கலாம். அடிமைக்குப் பிறந்த குழந்தையும் அடிமையே.

இளமையும் கல்வியும்

1817ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், மோல்டாவியாவின் தலைநகரான யாஷ் நகரில் ஒரு பிரபு குடும்பத்திலே மிகாயில் பிறந்தார். அவர் பிறந்த வகுப்பே அடிமைகளை வைத்து ஆண்ட வகுப்பு. ஆகவே அடிமைகளைக் காண அவர் தொலைதூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. சிறுவனாக யாஷ் நகரத் தெருக்களில் நடந்தபோது, கையிலும் காலிலும் விலங்கு பூட்டப்பட்டவர்களைக் கண்டார். கழுத்திலே இரும்பு வளையம் மாட்டப்பட்டவர்களையும், சாட்டையடியும் பட்டினியும் தண்டனையாகப் பெற்றவர்களையும் கண்டார். பெரியவர்கள் அதைப் பார்த்துப் பழகிப்போயிருந்தனர். அந்தச் சிறுவனோ பழகிப்போகவில்லை. அக்காட்சி முதுமை வரை அவர் நெஞ்சை விட்டு அகலவேயில்லை.

1834இல் அவர் பிரான்ஸ் நாட்டிலுள்ள லூனெவில் நகருக்குப் படிக்க அனுப்பப்பட்டார். மறு ஆண்டு ஜெர்மனியின் பெர்லின் மாநகருக்குச் சென்றார. அங்கே புகழ்பெற்ற சரித்திர ஆசிரியர் ராங்கேயிடம் பாடம் கேட்டார். உலகம் சுற்றிய அறிஞர் ஹம்போல்டின் அறிமுகமும் பெற்றார். பண்ணைகளுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த குடியானவர்கள் அந்த நாட்டிலே விடுவிக்கப்பட்ட வரலாற்றை அவர் அறிந்தார். அங்கே முடிந்த காரியம் தம் நாட்டில் ஏன் முடியாது என்ற கேள்வி அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

மாணவன் எழுதிய நூல்

1837ஆம் ஆண்டு, ஏறக்குறைய இருபது வயதில், ரோமா மக்களின் வரலாறு, பழக்கவழக்கம், மொழி ஆகியவற்றைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் ஒரு சிறு நூலை பெர்லினில் அவர் வெளியிட்டார். ரோமா மொழிச் சொற்களின் பட்டியல் ஒன்றையும் அதிலே சேர்த்தார். ஐரோப்பாவின் படித்தவர்கள் அனைவரும் அறிந்த மொழி பிரெஞ்சு என்பதால் அதையே தேர்ந்துகொண்டார்.

அந்நூலிலே அவர் ஐரோப்பியரின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பினார். கடல் கடந்த அமெரிக்காவில் அடிமைகளுக்காகச் சங்கம் அமைத்துக் கண்ணீர் விடும் நல்லவர்கள், தங்கள் வீட்டு வாசலிலேயே இலட்சக்கணக்கான ரோமாக்கள் அடிமைகளாகக் கிடப்பதைக் காணவில்லையே என்று வருந்தினார். தூரத்துத் துன்பத்துக்கு இரங்குவது எளிது; பக்கத்துத் துன்பத்தைப் பார்ப்பதுதான் அரிது. இவ்வுண்மையை ஒரு மாணவர் எடுத்துக்காட்டினார் என்பது நமக்கு வியப்பளிக்கின்றது.

1838இல் அவர் தாய்நாடு திரும்பினார். 1840இல் இலக்கியப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். சில மாதங்களிலேயே அது நிறுத்தப்பட்டது. 1843இல் யாஷ் நகரக் கல்விச்சாலையில் நாட்டு வரலாறு கற்பிக்கத் தொடங்கினார். அவருடைய சுதந்திரக் கருத்துகளை அரசர் விரும்பவில்லை. 1844இல் ரிஷ்கா என்னும் இடத்திலுள்ள துறவிமடத்திலே சிறிது காலம் அவர் காவலில் வைக்கப்பட்டார். 1848இல் ஐரோப்பா எங்கும் எழுந்த புரட்சியின்போது அயல்நாட்டில் தஞ்சம் புக நேர்ந்தது. எத்தனை தடை வந்தபோதிலும் அவர் தம் கொள்கையைக் கைவிட்டாரில்லை.

சட்டம் பிறந்தது

விடுதலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1844இல் மோல்டாவியாவின் அரசுக்கும் மடங்களுக்கும் உரிய அடிமைகள் விடுவிக்கப்பட்டனர். ஆனால் பிரபுக்களின் அடிமைகள் அப்படியே இருந்தனர். தனியார் சொத்தில் கை வைக்கப் பலரும் அஞ்சினர்.

இந்நிலையில் ஒரு துயரச் சம்பவம் நாட்டை உலுக்கியது. பிரபு குடும்பம் ஒன்றிலே வளர்ந்த டிங்கா என்னும் அடிமை இளைஞர், எஜமானருடன் பாரிஸ் சென்று வந்தவர். ஒரு பிரெஞ்சுப் பெண்ணை மணக்க விரும்பினார். அவரை விடுவிக்க எஜமானி மறுத்துவிட்டார். சுதந்திரப் பெண்ணும் அடிமையும் மணந்துகொள்ளச் சட்டம் இடந்தரவில்லை. முடிவில் இருவர் உயிரும் பரிதாபமாகப் போயின. அரசர் கிரிகோரே கிகாவின் உள்ளத்தை இது மிகவும் வருத்தியது.

புதிய சட்டத்தை எழுதும் பொறுப்பு கொகல்னிச்சானுவுக்கும் பெத்ரே மவ்ரோகெனி என்பவருக்கும் கிடைத்தது. 1855ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அச்சட்டம் நிறைவேறியது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் மாணவராக எழுதிய கனவை, முப்பத்தெட்டாம் வயதில் அவர் நனவாகக் கண்டார். 1856 பிப்ரவரியில் வாலாக்கியாவும் அதே வழியைப் பின்பற்றியது. இரு நாடுகளிலும் விடுதலை பெற்றோர் தொகை சுமார் 2,50,000 என்று கணக்கிடப்படுகின்றது. அமெரிக்காவில் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது 1863இல்தான் என்பதை இங்கே நினைவிற்கொள்வோம்.

ஆயினும் இச்சட்டத்தின் குறையையும் நாம் மறைக்கலாகாது. இழப்பீடு யாருக்குக் கிடைத்தது? தலைமுறை தலைமுறையாக உழைத்த அடிமைக்கு அன்று. எஜமானுக்கே தலைக்கு இத்தனை தங்கக் காசு என்று கொடுக்கப்பட்டது. அந்த நிதியிலே, முன்பே விடுதலையான ரோமாக்கள் செலுத்திய வரிப்பணமும் சேர்ந்திருந்தது! சில பிரபுக்கள் மட்டுமே இழப்பீடு வேண்டாமென்று பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தனர். விடுதலையானவர்களுக்கு உழ நிலமோ, குடியிருக்க வீடோ, பிள்ளைகளுக்குப் பள்ளியோ அச்சட்டம் தரவில்லை. கைவிலங்கு கழன்றது, வறுமை விலங்கு கழலவில்லை.

நாட்டுப் பணி

1859இல் இரு சிற்றரசுகளும் குசா என்னும் தலைவரின் கீழ் ஒன்றுபட்டன. கொகல்னிச்சானு 1863 முதல் 1865 வரை பிரதம மந்திரியாக இருந்தார். 1864ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியானவர்களின் கட்டாய வேலை ஒழிந்து, இலட்சக்கணக்கான குடும்பங்கள் நிலம் பெற்றன. அதே ஆண்டில் ஆரம்பக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கப்பட்டது. 1877 மே மாதம், வெளிநாட்டு மந்திரியாக நாடாளுமன்றத்திலே நின்று ருமேனியாவின் சுதந்திரத்தை அறிவித்தவரும் அவரே.

ஆனால் பெரியோரும் குறையற்றவர்கள் அல்லர். உள்துறை மந்திரியாக இருந்தபோது யூத மக்களைக் கிராமங்களிலிருந்து அகற்றும் கடுமையான நடவடிக்கைகளை அவர் மேற்கொண்டார். ஓர் இனத்தாரின் விலங்கைக் கண்டு உருகிய உள்ளம் இன்னோர் இனத்தாரிடம் இறுகியிருந்தது. எல்லோரையும் சமமாக நேசிப்பது எவ்வளவு கடினமான பாடம் என்பதை இதிலிருந்தும் நாம் கற்கின்றோம்.

1891 ஏப்ரலில் ருமேனியக் கலைக்கழகத்தில் அவர் தம் இறுதிப் பேருரையை ஆற்றினார். அன்று அவருக்கு வயது எழுபத்து மூன்று. சிறுவயதில் யாஷ் தெருக்களில் கண்ட விலங்குகளையே அவர் மீண்டும் நினைவுகூர்ந்தார். முன்னாள் அடிமைகளின் மக்களில் கலைஞர்களும், மருத்துவர்களும், அதிகாரிகளும் தோன்றியிருப்பதை மகிழ்ச்சியோடு எடுத்துரைத்தார். அதன்பின் சிகிச்சைக்காகப் பாரிஸ் சென்றவர், அங்கேயே ஜூலை முதல் நாள் காலமானார். அவர் உடல் பிறந்த ஊரான யாஷிலே நல்லடக்கம் செய்யப்பட்டது.

முடியாத பணி

அவர் தொடங்கிய பணி அவரோடு முடியவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல், ருமேனிய அரசே சுமார் 25,000 ரோமாக்களை நாடு கடத்தியது. பசியாலும் குளிராலும் நோயாலும் ஏறக்குறைய 11,000 பேர் மாண்டனர். போருக்குப் பின் ரோமாக்கள் தாமே திரண்டனர். 1971 ஏப்ரலில் லண்டன் அருகே அவர்களுடைய முதல் உலக மாநாடு கூடியது. நீலமும் பச்சையும் கொண்ட அவர்கள் கொடியின் நடுவே ஒரு சக்கரம் உண்டு. அது அவர்களின் பூர்வீகமாகிய நம் நாட்டை நினைவூட்டுகின்றது.

செக் நாட்டிலே ரோமாப் பிள்ளைகளை மந்தபுத்தியுள்ளோருக்கான தனிப் பள்ளிகளிலே தள்ளும் வழக்கம் இருந்தது. பதினெட்டு பிள்ளைகள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்தனர். 2007 நவம்பரில் அவர்களுக்கு நீதி கிடைத்தது. 2011இலும் 2020இலும் ஐரோப்பிய ஒன்றியம், ரோமா மக்களின் கல்வி, வேலை, வீடு, மருத்துவம் ஆகியவற்றை முன்னேற்றத் திட்டங்கள் வகுத்தது. 2019 ஜூன் 2ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் ருமேனியாவின் பிளாஜ் நகரில் ரோமா மக்களைச் சந்தித்து, அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளுக்காகத் திருச்சபையின் பெயரால் மன்னிப்பு வேண்டினார். ஐந்நூறு ஆண்டுக் கணக்கை ஒரு சொல்லாலே தீர்க்க இயலாதுதான். ஆனாலும் மன்னிப்புக் கேட்பதிலேதான் நீதி தொடங்குகின்றது.

அன்புத் தோழியரே! சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே அழைத்து அருகில் அமர்த்திக்கொள்ள வேண்டியவர்கள் மனிதர்களே. கொகல்னிச்சானு அந்நூலை எழுதியபோது மந்திரியல்லர். நம்மைப் போன்ற மாணவர்தாம். எல்லோரும் பார்த்துப் பழகிப்போன ஒன்றை அவர் பழகாத கண்ணோடு பார்த்தார். நம் தெருவிலும், நாம் ஏறும் பேருந்திலும், நம் வகுப்பின் கடைசி வரிசையிலும் நாம் பழகிப்போன காட்சிகள் இல்லையா? அவற்றை ஒரு முறை நின்று பார்ப்போம். பார்த்தபின் சும்மா இராமல், நம்மால் இயன்றதைச் செய்வோம்.