திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்

தலபுராணங்கள் யாவும் ஓரச்சில் வார்த்தன போல்வன. தீர்த்தம், சாபம், பூசை, விமோசனம் என்னுமிவையன்றி அவற்றிற் கொள்ளத்தக்கது பிறிதில்லை என்பாரை யாம் பலகாற் கண்டுள்ளோம். அவர் கூற்று முழுதும் தள்ளத்தக்கதன்று. செய்வித்தார் பொருட்டே செய்யப்பட்ட புராணங்களும் உள. ஆயினும் இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களை இயற்றிய பிள்ளையவர்களின் வாழ்க்கையை அறிந்தார் அங்ஙனம் ஒருதலையாகக் கூறத் துணியார்.

பிள்ளையவர்கள் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திரிசிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரில் சிதம்பரம் பிள்ளையின் புதல்வராகத் தோன்றினார்கள். இளமையிலேயே தந்தையாரை இழந்து வறுமையுற்றும் கல்வியை விட்டாரல்லர். பிச்சையேற்றுண்ணும் பரதேசி ஒருவர் தண்டியலங்காரம் வல்லார் எனக் கேட்டு, அவர் இரக்குந் தெருக்களிலெல்லாம் உடன் சென்று அதனைப் பாடங்கேட்டார்கள். திருவாவடுதுறையில் அம்பலவாண தேசிகரவர்களால் மகாவித்துவான் என்னும் பட்டம் பெற்றது பின்னர் நிகழ்ந்தது.

ஒரு தலத்திற்குப் புராணம் செய்யுமாறு அன்பர் வேண்டின், வடமொழி மான்மியத்தை முதற்கண் தமிழ் வசனமாக மொழிபெயர்ப்பிப்பார்கள். அவ்வசனத்தைப் படலங்களாக வகுத்துக்கொண்டு, பின்னர் வாயினாற் செய்யுள் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் வரைவர். எழுதுவார் கை ஓயுமன்றி அவர்கள் நா ஓயாது. மான்மியம் தருவது கதை மாத்திரையே. நாட்டுவளமும் நகர்வளமும், இடையிடையே சித்தாந்த நுட்பங்களும் அமைத்து அதனைக் காப்பியமாக்கியது அவர்கள் புலமை. திருநாகைக்காரோணப் புராணம் இதற்குத் தக்க சான்று. புண்டரீக முனிவரை இறைவன் உடலோடும் ஏற்றுக்கொண்டமையின் அத்தலம் காயாரோகணமாயிற்று; அதுவே காரோணம் என மருவிற்று. இச்சிறு வரலாற்றினின்று எழுந்த நூலின் பரப்பையும் அழகையும் கற்றாரே உணர்வர்.

1871இல் மாணாக்கராக வந்தடைந்த சாமிநாதையரவர்கள் திருப்பெருந்துறைப் புராணத்தை ஏட்டில் எழுதினார்கள். மணிவாசகப் பெருமான் குருவருள் பெற்ற அத்தலத்திலேயே அஃது அரங்கேறிற்று. கட்டளை விசாரணை செய்த சுப்பிரமணியத் தம்பிரானவர்களே அதனைச் செய்வித்தார்கள்.

இத்துணைப் புகழ் பெற்றும் பிள்ளையவர்களைக் கடன் விட்டகன்றிலது. வந்த பொருளெல்லாம் மாணாக்கர் ஊணுக்கே போயிற்று. சாதிசமயம் பாராது அவர்கள் பாடஞ்சொல்லி வந்தார்கள். 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில், சாமிநாதையரவர்கள் திருவாசகத்து அடைக்கலப்பத்தைப் படிக்க, கிறித்தவ மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளை தாங்கியிருப்ப, சிவபதம் எய்தினார்கள்.